ஸ்டூடியோ பிளாஷில் ஒரு படம் ஓவர், அடுத்த படம் அண்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாண ஆல்பம் எடுப்பவர்களும், கண்டாங்கிச் சேலையையும் பழைய மரச்சாமான்களையும் இணையத்தில் விற்கப் படம் எடுப்பவர்களும் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். “லைட்டை நகர்த்தல, கேமராவுல எதையும் மாத்தல. ஆனா ஒரு ஃப்ரேம் ஓவர், அடுத்தது அண்டர்.” அதாவது ஒன்றில் வெளிச்சம் கூடிவிடுகிறது, அடுத்ததில் குறைந்துவிடுகிறது. அடுத்து பெரும்பாலும் நடப்பது, லைட்டின் பவர் குமிழைத் திருகுவது. அதைச் செய்யாதீர்கள். படத்துக்குப் படம் மாறும் வெளிச்சத்தைக் குமிழைத் திருகிப் பிடிக்க முடியாது. மாறுவது எது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்கவேண்டும்.

கோளாறு லைட்டிலா, கேமராவிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

பிரித்துப் பார்க்கவேண்டும். லைட், கேமராவிலிருந்து லைட்டை அடிக்கவைக்கும் ட்ரிகர், கேமரா, லென்ஸ், எதிரே நிற்கும் ஆள், அறை எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இரவில், கதவை அடைத்த ஓர் அறையில், ஒரே ஒரு லைட்டை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பவர் பாதியில் இருக்கட்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு ஸ்டூலின் மேல், பிளாஷ் வெளிச்சத்தை அளக்கும் பிளாஷ் மீட்டரை வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். லைட்டின் பின்பக்கம் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி, பத்து விநாடி இடைவெளி விட்டு விட்டு, பத்துத் தடவை அடியுங்கள். ஒவ்வொரு அளவையும் தாளில் எழுதுங்கள்.

அளவுகள் பத்தில் ஒரு ஸ்டாப்புக்குள் நின்றால் லைட் நன்றாக இருக்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது. அதில் பத்தில் ஒரு பங்கு மாறினால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றில் ஒரு ஸ்டாப்பைத் தாண்டிக் குதித்தால் கோளாறு லைட்டிலோ அதற்கு வரும் கரண்டிலோ இருக்கிறது, கேமராவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

டெஸ்ட் பட்டனில் சரியாக வந்தால், அடுத்து ட்ரிகரை வைத்து அதே பத்து. பழைய ட்ரிகர்கள் ‘அடி’ என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. இப்போது வருபவை பவரையும் சேர்த்துச் சொல்கின்றன. ட்ரிகரில் டிடிஎல் (பிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) அல்லது எச்எஸ்எஸ் (மிக வேகமான ஷட்டரிலும் பிளாஷ் அடிக்கும் முறை) தெரியாமல் ஆன் ஆகியிருந்தால் இந்தக் கட்டத்தில் அகப்பட்டுவிடும். இரண்டிலும் மீட்டர் அசையாமல் நிற்கிறது, படம் மட்டும் மாறுகிறது என்றால் மிச்சம் இருப்பது கேமரா, லென்ஸ், அறை.

என்னிடம் பிளாஷ் மீட்டர் இல்லையே?

பரவாயில்லை. சாம்பல் நிற அட்டை அல்லது பளபளப்பில்லாத சுவரை, கேமராவை ட்ரைபாடில் வைத்து எடுங்கள். எம் (மேனுவல்) மோட், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, ஒயிட் பேலன்ஸ் ஒரே எண்ணில். அப்பர்ச்சரை லென்ஸின் முழுத் திறப்பில் வையுங்கள்; அதற்குக் காரணம் லென்ஸ் பற்றிய கேள்வியில் வருகிறது. ஓவர் ஆனால் லைட்டைத் தள்ளி வையுங்கள், பவரைத் தொடாதீர்கள். பத்துப் படத்தின் ஹிஸ்டோகிராமும், அதாவது படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமும், ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கேமரா திரையில் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். திரையின் பிரகாசமே அறைக்கு ஏற்பத் தானாக மாறும்படி சில கேமராக்களில் இருக்கிறது.

படங்களைப் பார்த்தாலே காரணம் சொல்ல முடியுமா?

பாதி சொல்லலாம். எப்படி மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் படம் நன்றாக வந்து, அடுத்தடுத்து வேகமாக எடுத்தவை இருட்டானால் லைட் சார்ஜ் ஆக நேரம் பற்றவில்லை. அரை மணி நேரம் நன்றாக இருந்து மெல்ல மெல்ல மங்கினால் சூடு அல்லது பேட்டரி. எந்த ஒழுங்கும் இல்லாமல் இடையிடையே ஒரு படம் மட்டும் ஓவர் ஆனால் லென்ஸின் அப்பர்ச்சரைப் பாருங்கள். இடையிடையே ஒன்று முழு இருட்டானால் ட்ரிகர், அல்லது வேறு யாரோ உங்கள் லைட்டை அடித்துவிட்டார்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் பட்டை என்றால் ஷட்டர் வேகம். உடை மாறும்போதெல்லாம் வெளிச்சமும் மாறினால் டிடிஎல்.

பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் எடுக்கிறேன். அப்படியும் அண்டர் ஆகிறதே?

பிளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், குழாயடியில் வைத்த குடம் மாதிரி. நிறைவதற்குள் தூக்கினால் குறைவாகத்தான் இருக்கும். விலை குறைந்த பல லைட்டுகளில் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்ததுமே ரெடி விளக்கு எரிந்துவிடும், பீப் சத்தமும் வந்துவிடும். மிச்சம் நிறைய இன்னும் ஒரு விநாடியோ இரண்டோ ஆகும். அந்த இடைவெளியில் ஷட்டரை அழுத்தினால் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் குறையும்.

முழுப் பவரில் வேலை செய்வதைக் குறைப்பதுதான் வழி. பாதிப் பவரில் வைத்து ஐஎஸ்ஓவை 100லிருந்து 200 ஆக்குங்கள். படம் அதேதான், காத்திருப்பு ஏறக்குறைய பாதி. இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 200க்குப் பயப்பட ஒன்றுமில்லை. கேமரா தொடர் ஷாட்டில் இருந்தால் ஒற்றை ஷாட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் காரைக்குடி மண்டபத்துக்குள் ஃபேன் காற்றே சூடாக இருக்கும். அந்த நேரத்தில் முழுப் பவரில் விடாமல் அடித்தால் லைட் தன்னைக் காத்துக்கொள்ள ரீசைக்கிளை, அதாவது மறுபடி நிரம்புவதை, மெதுவாக்கும், சில லைட்டுகள் அடிக்கவே மறுக்கும். சாஃப்ட் பாக்ஸின் துணி லைட்டின் காற்றுத்துளையை மூடியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவரைக் குறைத்ததும் முதல் படம் மட்டும் ஓவர் ஆகிறது. ஏன்?

கெப்பாசிட்டரில் பழைய அளவு சார்ஜ் அப்படியே நிற்கிறது. அதை வெளியேற்றாமல் எடுத்தால் பழைய பவர்தான் வரும். நல்ல லைட்டுகள் குறைத்தவுடன் தாமாகவே வெளியேற்றிக்கொள்ளும், அதற்கும் சில விநாடிகள் பிடிக்கும். பழைய லைட் என்றால் குறைத்த பிறகு டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு எடுங்கள். அவ்வளவுதான்.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் எடுக்கும்போது மட்டும் தொந்தரவு. என் ஸ்டூடியோவில் அதே லைட் ஒழுங்காக இருக்கிறது.

அப்படியென்றால் லைட்டை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் கரண்ட். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம். மீட்டர் பெட்டி முகப்பில் இருக்கும், நீங்கள் இரண்டாம் கட்டில் இருப்பீர்கள். நடுவே மெல்லிய ஒயரில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதே வரிசையில் சமையற்கட்டுக் கிரைண்டரோ தண்ணீர் மோட்டாரோ. பிளாஷ் அடித்தவுடன் நிரம்புவதற்காக ஒரு வீச்சில் நிறையக் கரண்ட்டை இழுக்கும். ஒயர் மெலிந்தும் நீண்டும் இருந்தால் வோல்டேஜ் விழுந்து சார்ஜ் மெதுவாகும். உள்ளே வோல்டேஜைச் சீர்ப்படுத்தும் சர்க்யூட் இல்லாத பழைய லைட்டில் வெளிச்சத்தின் அளவே குறையும். தடித்த ஒயரில் ஒரே எக்ஸ்டென்ஷன் போதும். லைட்டுகளைத் தனித்தனி பிளக் பாயின்டில் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளோடு விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சூடேறும். மல்டிமீட்டர் இருந்தால் பிளாஷ் நிரம்பும்போது பிளக் பாயின்டில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். நம் ஊரில் இருக்கவேண்டியது 230 வோல்ட்.

இரண்டாவது, வளவு. மேலே வானம் திறந்த முற்றம் என்பதால் பிளாஷோடு பகல் வெளிச்சமும் படத்தில் சேர்கிறது. உச்சிவேளையில் வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 100 வைத்தால்கூட வெளியொளி பிளாஷைவிட ஒன்றிரண்டு ஸ்டாப் மட்டுமே குறைவாக நிற்கும். ஒரு மேகம் கடந்தால் போதும், படம் மாறிவிடும். பிளாஷ்மேல் பழி விழும். இதற்கு எளிய சோதனை உண்டு: பிளாஷை அணைத்துவிட்டு அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால் வெளியொளி கணக்கில் இல்லை. உருவம் தெரிந்தால் அது ஒவ்வொரு படத்திலும் கலந்துகொண்டிருக்கிறது. ஷட்டரை உங்கள் கேமராவின் சிங்க் வேகம் (பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) வரை கூட்டுங்கள், அல்லது அப்பர்ச்சரைச் சுருக்கிப் பிளாஷைக் கூட்டுங்கள். அல்லது வளவை விட்டுப் பட்டாலைக்கு, அதாவது கூரையுள்ள கூடத்துக்கு, உள்ளே தள்ளிப் போங்கள். வளவு ஒளியின் அழகுக்காகவே அங்கே எடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் படத்துக்குப் படம் மாறுவதை ஏற்றுக்கொண்டு, எடிட்டிங்கில் சரிசெய்யத் தயாராக இருக்கவேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் நடக்காது.

மூன்றாவது, சுவர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் சாதாரணச் சுவர் மாதிரி ஒளியைச் சிதறடிக்காது, பளிங்குபோல் திருப்பி அடிக்கும். தேக்குத் தூணும், ஆத்தங்குடி டைல்ஸும், பெரிய பெல்ஜியம் கண்ணாடியும் அப்படித்தான். கேமராவை இரண்டடி நகர்த்தினால் ஒரு மினுக்கம் மறையும், இன்னொன்று முளைக்கும். மீட்டர் மாறியிருக்காது, முகத்தில் விழும் வெளிச்சமும் மாறியிருக்காது. பின்னணி மாறியதால் படம் மாறியதாகத் தோன்றும். முகத்தின் அளவை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மண்டபத்தில் ஜெனரேட்டர், வீட்டில் இன்வெர்ட்டர். எதில் லைட் போடலாம்?

பெரிய ஜெனரேட்டர் என்றால் போடலாம். ஆனால் சீரியல் செட்டும் ஏசியும் அதே லைனில் ஏறி இறங்கும்போது வோல்டேஜும் ஆடும். வீட்டு இன்வெர்ட்டரில், குறிப்பாகச் சைன் வேவ் அல்லாததில், ஸ்டூடியோ லைட்டைச் சொருகவே சொருகாதீர்கள். லைட்டுக்கும் கெடுதல், இன்வெர்ட்டருக்கும் கெடுதல். வெளியூர் வேலை அதிகம் இருப்பவர்களுக்கு என் யோசனை பேட்டரியில் ஓடும் லைட். ஒயரில் வரும் தொல்லை மொத்தமும் ஒழிகிறது.

திருப்பூட்டும் நேரத்தில் மட்டும் லைட் ஏமாற்றுகிறது!

நகரத்தார் கல்யாணத்தில் திருப்பூட்டு என்பது தாலி கட்டுவது; எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் வெடிக்கும் நிமிடம் அதுதான். உங்கள் லைட்டில் ஆப்டிகல் ஸ்லேவ், அதாவது வேறு பிளாஷின் ஒளியைப் பார்த்துத் தானும் அடிக்கும் சென்சார், ஆன் ஆகியிருக்கும். பெண் வீட்டு போட்டோகிராபரின் பிளாஷுக்கு உங்கள் லைட் அடித்துவிடும். அரை விநாடி கழித்து நீங்கள் எடுக்கும்போது அது இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும், படம் இருட்டு. ஸ்லேவை அணைத்துவிட்டு ரேடியோ ட்ரிகரை மட்டும் வையுங்கள்.

ரேடியோவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கம்பெனி ட்ரிகர், ஒரே சேனல் என்றால் அவர் அழுத்தினால் உங்களுடையது அடிக்கும். புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் சேனல் 1லேயே விட்டுவைத்திருப்பார்கள். முகூர்த்தத்துக்கு முன்பே போய், “அண்ணே, நீங்க எந்தச் சேனல்?” என்று கேட்டுவிடுவது நல்லது. ஐடி எண் வைக்கும் வசதி இருந்தால் அதையும் மாற்றுங்கள். செல்போன் விளக்கு பற்றிக் கவலை வேண்டாம், அது பொதுவாக ஸ்லேவைத் தூண்டுவதில்லை.

ஸ்லேவில் எஸ்1, எஸ்2 என்று இருக்கிறதே?

எஸ்1 முதல் மின்னலுக்கே அடிக்கும். கேமரா மேல் இருக்கும் பிளாஷ் டிடிஎல்லில் இருந்தால் படத்துக்கு முன் ஒரு சிறு முன்மின்னல் விடும். எஸ்1 அதற்கே அடித்துத் தீர்ந்துபோகும். எஸ்2 அந்த முன்மின்னலைத் தள்ளிவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். கண் சிவப்பாகத் தெரிவதைத் தடுக்கும் ரெட் ஐ வசதி ஆன் ஆகியிருந்தால் முன்மின்னல்கள் இன்னும் கூடும், எஸ்2வும் குழம்பும். அதை அணையுங்கள்.

டிடிஎல் தானாகவே சரி செய்யாதா?

ஆள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் உதவும். ஒரே மாதிரி வரிசையாக வேண்டிய படங்களில் அதுவே மாற்றத்துக்குக் காரணம். எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பலாக்க அது முயலும். வெள்ளை வேட்டி நிறைய வந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், அரக்குக் கண்டாங்கி வந்தால் கூட்டும், பின்னால் பெல்ஜியம் கண்ணாடி பளிச்சென்று திருப்பி அடித்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். இருபது சேலையை ஒரே நாளில் எடுத்து இணையத்தில் போடுகிறவர் டிடிஎல் பக்கமே போகக்கூடாது. மேனுவல் பவர், லைட் ஸ்டாண்டுக்கும் சேலை தொங்கும் கம்பிக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம், முதல் ஃப்ரேமில் சாம்பல் அட்டை. வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். படத்தில் மாம்பழ மஞ்சள், பார்சலில் கடுகு மஞ்சள் என்றால் சேலை திரும்பி வரும்.

எல்லாம் மேனுவல்தான். லென்ஸில் என்ன கோளாறு வரும்?

பலர் கடைசியாகப் பார்ப்பது இது. கேமராவில் எஃப் 8 வைத்தாலும் காட்சியைப் பார்க்கும்போது பெரும்பாலும் லென்ஸ் முழுத் திறப்பில்தான் இருக்கும். ஷட்டரை அழுத்தும்போது அப்பர்ச்சரின் இலைகள் சுருங்கி எஃப் 8க்கு வரும். இலைகளில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, பழைய நிக்கான் லென்ஸ்களில் இருப்பதுபோன்ற நெம்புகோல் தேய்ந்திருந்தாலோ அவை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கு வராது. மெதுவாக வந்தால் படம் ஓவர்.

சோதனை இதுதான். முழுத் திறப்பில் பத்துப் படம், எஃப் 8இல் பத்துப் படம். முழுத் திறப்பில் இலைகளுக்கு வேலையே இல்லை. அங்கே எல்லாம் ஒன்றுபோல் வந்து, எஃப் 8இல் குதித்தால் லென்ஸ்தான். இன்னொரு லென்ஸை மாட்டி உறுதிப்படுத்துங்கள்.

18–55 போன்ற கிட் ஜூம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பொறி. 18இல் எஃப் 4 வைத்து 55க்கு ஜூம் செய்தால் லென்ஸால் 5.6க்கு மேல் திறக்க முடியாது. சத்தமில்லாமல் ஒரு ஸ்டாப் போய்விடும். எஃப் 8இல் வைத்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

கேமரா மெனுவில் எதையெல்லாம் அணைக்கவேண்டும்?

ஆட்டோ ஐஎஸ்ஓ முதலில். எம் மோடில் இருந்தாலும் அது தனியாக வேலை செய்யும். அடுத்து கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டைனமிக் ரேஞ்ச் ஆப்டிமைசர். இவை ஒவ்வொரு ஜேபெக்கையும் அதன் உள்ளடக்கத்தைப் பார்த்து நிழலைத் தூக்கும். ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படம் இரண்டு விதமாக வரும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸுக்குப் பதில் பிளாஷ் அல்லது 5500 கெல்வின். மின்னணு ஷட்டரில் பெரும்பாலான கேமராக்கள் பிளாஷையே அடிக்காது.

மிரர்லெஸ் கேமராவில் திரை கன்னங்கரேலென்று தெரிகிறது என்பது தனிப் புகார். அது கோளாறு இல்லை. திரை வெளியொளியை மட்டும் காட்டுகிறது, வரப்போகும் பிளாஷ் அதற்குத் தெரியாது. எக்ஸ்போஷர் சிமுலேஷன், செட்டிங் எஃபெக்ட் போன்ற பெயரில் இருப்பதை அணைத்தால் தெளிவாகத் தெரியும்.

கீழே கறுப்புப் பட்டை விழுகிறது. சில படங்களில் மட்டும்.

கேமராவின் சிங்க் வேகம் மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 1/160 முதல் 1/250 வரை இருக்கும். விளிம்பில் நின்று எடுத்தால் ட்ரிகரின் சிறு தாமதமே ஷட்டர் திரையின் நிழலைப் படத்துக்குள் கொண்டுவந்துவிடும். முழுப் பவரில் பெரிய ஸ்டூடியோ லைட்டின் ஒளி நீண்ட நேரம் வடியும், அதன் வாலும் வெட்டுப்படும். உள்ளறையில் 1/125 வையுங்கள். சிங்க் எல்லைக்குள் ஷட்டர் வேகம் பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. எச்எஸ்எஸ் போட்டு மேலே போகலாம், ஆனால் வெளிச்சம் நிறையக் குறையும்.

ஆள் கொஞ்சம் அசைந்தால் இவ்வளவு மாறுமா?

லைட் அருகில் இருந்தால் மாறும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிறது. லைட் ஒரு மீட்டரில் இருக்கும்போது மணப்பெண் இருபது சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடும். இரண்டு மீட்டரில் இருந்தால் அதே அசைவு மூன்றில் ஒரு ஸ்டாப்பைத் தொடாது.

முகப்பில் எடுக்கும் குடும்பப் படமும் இதே கணக்குதான். முன்வரிசையில் ஆச்சிமார் நாற்காலியில், பின்வரிசையில் இளைஞர்கள் படியில். முன்வரிசைக்கு இரண்டு மீட்டரில் லைட் வைத்து, பின்வரிசை இன்னொரு மீட்டர் தள்ளி இருந்தால் அவர்கள் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருட்டு. லைட்டை ஐந்து மீட்டருக்குத் தள்ளினால் வித்தியாசம் அரை ஸ்டாப். உயரமாக ஏற்றிப் பின்வரிசையை நோக்கித் திருப்பினால் அதுவும் குறையும்.

ஆடி மாதம் முழுக்கப் பெட்டியில் கிடந்த லைட், ஆவணியில் எடுத்ததும் தாறுமாறாக அடிக்கிறது.

நெடுநாள் கரண்ட் பார்க்காத கெப்பாசிட்டர் சோம்பிவிடும். எடுத்தவுடன் முழுப் பவர் கொடுக்காதீர்கள். குறைந்த பவரில் ஆன் செய்து ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், பிறகு இடைவெளி விட்டு அடித்து மெல்ல ஏற்றுங்கள். வேலை இல்லாத நாட்களிலும் மாதம் ஒருமுறை இப்படி உயிர்ப்பித்தால் லைட் நீண்ட நாள் உழைக்கும். ட்ரிகரில் பேட்டரியைப் போட்டபடியே வைக்காதீர்கள், கசிந்து முனைகளைத் தின்றுவிடும்.

வெளிச்சம் சரி, நிறம் மட்டும் மாறுகிறது.

பவரைக் கூட்டிக் குறைத்தால் பல லைட்டுகளில் நிறம் நகரும். லைட்டின் வகையைப் பொறுத்துச் சிலவற்றில் மஞ்சளாகும், சிலவற்றில் நீலமாகும். ஒரே பவரில் நிறுத்தித் தூரத்தை மாற்றிச் சமாளியுங்கள். மண்டபத்து எல்இடி, ட்யூப் லைட் கலந்தால் வேறு கதை: 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அவற்றில் பல விநாடிக்கு 100 தடவை துடிக்கும், வேகமான ஷட்டரில் ஒவ்வொரு படமும் துடிப்பின் வேறு இடத்தைப் பிடிக்கும். 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் அடங்கும். சிவப்பு ஆத்தங்குடித் தரையின் சாயல் தாடையின் அடியில் ஏறுவதற்கு ஒரு வெள்ளை வேட்டியைக் காலடியில் விரித்தால் போதும்.

நானே லைட்டைத் திறந்து பார்க்கலாமா?

கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் பல நூறு வோல்ட் நிற்கும், உயிரையே எடுக்கும். வெளியிலிருந்து செய்யக்கூடியது, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்ட பிறகு பிளாஷ் ட்யூப் சாக்கெட்டில் தளர்ந்திருக்கிறதா என்று, உங்கள் மாடலில் அது கழற்றக்கூடியதாக இருந்தால் மட்டும், துணி பிடித்துப் பார்ப்பது. ட்யூப் கறுத்திருந்தால் மாற்றவேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது வெறுமனே “சரியா அடிக்கல” என்று சொன்னால் அவர் ஒரு தடவை அடித்துப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மீட்டரில் எழுதிய பத்து அளவுகளையும், எந்தப் பவரில், எவ்வளவு இடைவெளியில் அடித்தீர்கள் என்பதையும் அந்தத் தாளோடு கொடுங்கள்.